பினாங்குக்கு வராத கப்பல்



பினாங்கு எஸ்பிளனேட் கடற்கரையில் காற்று வாங்காத மலேசியத் தமிழ்க் குடும்பம் குறைவாகத்தான் இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கிய களைப்பில், பிள்ளைகள் கையில் கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடலோரச் சுவரில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். பின்னால் கார்ன்வாலிஸ் கோட்டை. முன்னால் வருவதும் போவதுமாகக் கப்பல்கள்.

அடுத்த முறை அங்கே உட்காரும்போது, வராமல் போன ஒரு கப்பலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1813-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னைத் துறைமுகத்தில் ஓர் இளம் தம்பதியர் பினாங்குக்குக் கப்பல் தேடி அலைந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. புறப்படத் தயாராக நின்றது ஒரே ஒரு பழங்கப்பல். அது போகும் ஊர் ரங்கூன். அதில் ஏறினார்கள். நம் பினாங்கின் சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய இரண்டு பெயர்கள் பர்மாவின் சரித்திரத்துக்குப் போய்விட்டன.

கணவர் அதோனிராம் ஜட்சன். மனைவி ஆன் அம்மையார். இருவரும் அமெரிக்க மிஷனரிகள். இவர்கள் வாழ்ந்த ஊர்களின் வழியே உங்களை அழைத்துப் போகப் போகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். இவர்களைத் தேடிக்கொண்டு போனவனும் அல்லன். நான் தேடிப் போனது வேறு ஒருவரை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணமான 14-ஆம் நாள்

1812 பிப்ரவரி 5-ஆம் தேதி இவர்களுக்குத் திருமணம். அதே மாதம் 19-ஆம் தேதி சேலம் என்னும் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். நம் சேலம் அல்ல, அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது. அவருக்கு வயது 23, அம்மையாருக்கு 22. அந்தக் காலத்தில் கடல் கடந்து போவதென்றால் பெற்றோரை மறுபடி பார்ப்போமா என்பது நிச்சயமில்லை. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எப்படி இருந்திருக்குமோ, அப்படித்தான் இவர்களுக்கும் இருந்திருக்கும்.

நான்கு மாதங்கள் கடலில் கழிந்தன. அந்தப் பயணத்தில் வேதத்தை ஆராய்ந்துகொண்டு வந்த ஜட்சனுக்கு, ஞானஸ்நானத்தைப் பற்றித் தம் சபை கொண்டிருந்த கருத்து சரியல்ல என்று தோன்றியது. கல்கத்தா வந்ததும் இருவரும் பாப்டிஸ்டு முறைப்படி தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். இதன் விளைவு என்ன தெரியுமா? தங்களை அனுப்பிவைத்த சங்கத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. அந்நிய மண்ணில் காலை வைத்த உடனேயே, சம்பளம் தருவார் யாருமில்லை என்ற நிலை.

அதோடு போயிற்றா? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டாலே பிடிக்காது. போதாக்குறைக்கு அதே ஆண்டு அமெரிக்காவும் பிரிட்டனும் போர் தொடங்கியிருந்தன. நாட்டை விட்டுப் போ என்று உத்தரவு வந்தது. மொரீஷியஸ் தீவுக்குத் தப்பிப் போனார்கள். தங்களோடு அமெரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் வந்து, தங்களுக்கு முன்பே அத்தீவுக்குப் புறப்பட்டிருந்த தோழி ஹாரியட் நியூவல் அங்கே காத்திருப்பாள் என்று ஆன் அம்மையார் எண்ணியிருந்தார். காத்திருந்தது அவளுடைய மரணச் செய்திதான். 19 வயதில், கைக்குழந்தையைப் பறிகொடுத்த சில வாரங்களில் அவளும் போய்ச் சேர்ந்திருந்தாள்.

பினாங்கில் ஊழியம் தொடங்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தார்கள். பினாங்குக்குக் கப்பல் பிடிக்கவே சென்னைக்கு வந்தார்கள். அங்கே நீண்ட நாள் தங்கவும் வழியில்லை. கம்பெனி அதிகாரிகளின் கையில் சிக்கினால் நாடு கடத்திவிடுவார்கள். ஆகவே கிடைத்த கப்பலில் ஏறினார்கள். அதன் பெயர் ஜார்ஜியானா. உதவிக்கு அழைத்து வந்த பெண் கப்பலிலேயே திடீரென இறந்தாள். புயலில் தள்ளாடிய அந்தக் கப்பலில், தாதியோ மருத்துவரோ இல்லாமல், ஆன் அம்மையாருக்கு முதற்குழந்தை பிறந்தது. உயிரற்றுப் பிறந்தது.

ஜூலை மத்தியில் ரங்கூன் கரையில் அவர்கள் இறங்கியபோது, நடக்க முடியாத அம்மையாரை நாற்காலியில் வைத்துத் தூக்கித்தான் கொண்டுபோனார்களாம். இப்படித்தான் தொடங்கியது அவர்களுடைய பர்மா வாழ்க்கை.

ரங்கூனில் ஒரு சாவடி

2018-இல் நான் பர்மா போனேன். பெயர்கள் எல்லாம் மாறிப்போய்விட்ட நாடு அது. பர்மா, மியன்மார் ஆகிவிட்டது. ரங்கூன், யாங்கூன் ஆகிவிட்டது. ஆனாலும் ரங்கூன் அரிசிச் சோறு சாப்பிட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு அது ரங்கூன்தான். பழைய பெயர்களையே நானும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷ்வேடகோன் பகோடாவின் பொன் கோபுரம் ரங்கூனில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. ஜட்சன் குடும்பம் வந்த காலத்தில் ரங்கூன் ஒரு சிறிய துறைமுகம். சேற்று நிலம், மூங்கில் வீடுகள், சுற்றிலும் மர வேலி. முதல் வேலையாக இருவரும் மொழி படிக்க உட்கார்ந்தார்கள். இலக்கணமோ அகராதியோ கையில் இல்லை. ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது, மாணவருக்குப் பர்மியம் தெரியாது! கையால் காட்டிக் காட்டித்தான் பாடம். சந்தைக்குப் போவதும் வேலையாட்களோடு பேசுவதும் அம்மையாரின் பொறுப்பு என்பதால், பேச்சு மொழியில் கணவரை முந்திவிட்டார். ரங்கூனில் இருந்த சயாம்காரர்களிடம் சயாம் மொழியும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அம்மொழியில் பெயர்த்தார் என்றால் பாருங்கள்.

1815-இல் ரோஜர் என்று ஒரு மகன் பிறந்தான். எட்டு மாதம் வளர்த்தார்கள். 1816 மே மாதம் காய்ச்சலில் இறந்தான்.

பர்மாவில் ஊருக்கு ஊர் 'ஜயாத்' என்று ஒன்றிருக்கும். வழிப்போக்கர்கள் இளைப்பாறவும், ஊரார் கூடிப் பேசவும், துறவியின் போதனையைக் கேட்கவும் கட்டிய திறந்த மண்டபம். நம் ஊர்ச் சாவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1819-இல் ஜட்சன் தாமும் ஒரு ஜயாத் கட்டினார். அந்நியர் மாளிகைக்குள் வரத் தயங்கும் மக்கள் சாவடிக்குள் தயங்காமல் வருவார்கள் அல்லவா? முதல் மனிதர் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி. பெயர் மௌங் நௌ. கரையிறங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஒரே ஒருவர்!

'ஜயாத்' என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தலையணையும் பச்சைக் குழந்தையும்

ரங்கூனுக்கு வெகு வடக்கே, ஐராவதி நதிக்கரையில் ஆவா இருக்கிறது. அன்று அரசரின் தலைநகரம். 1824-இன் தொடக்கத்தில் ஜட்சன் குடும்பம் அங்கே குடிபோயிற்று. நேரம் பாருங்கள், அதே ஆண்டில் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. மே மாதம் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஆவாவில் இருந்த வெள்ளையர் எல்லாரும் ஒற்றர்கள் என்று சந்தேகம் எழுந்தது. ஜட்சனுக்குப் பணம் வந்ததும் ஆங்கில வியாபாரிகள் வழியாகத்தான். சந்தேகப்பட்டவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஜூன் 8-ஆம் தேதி மாலை, சாப்பாட்டு நேரத்தில் காவலர் வந்து ஜட்சனைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

அந்தச் சிறைக்கு 'கை கூசாதே' என்று பொருள்படும் பெயர். காலில் மூன்று விலங்குகள். இரவானால் கைதிகளின் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலைச் செருகி மேலே உயர்த்திவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். சிறையில் சோறு கிடையாது. வீட்டார் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி.

கருவுற்றிருந்த ஆன் அம்மையார் ஒவ்வொரு நாளும் இரண்டு மைல் நடந்து சோறு கொண்டுபோனார். அதிகாரிகளின் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். காவலருக்குக் கைக்கூலி கொடுத்தார். பர்மியப் பெண்களைப் போலவே உடை உடுத்திக்கொண்டார். ஒரு நாள் கணவருக்கு ஊர் நினைவு வரட்டும் என்று, எருமை இறைச்சியையும் வாழைக்காயையும் வைத்து அமெரிக்க முறையில் ஒரு பணியாரம் செய்து அனுப்பினார். அதைக் கையில் வாங்கிய ஜட்சன், விலங்கிட்ட முழங்காலில் தலையைச் சாய்த்து அழுதாரே தவிர, ஒரு வாய் உண்ண முடியவில்லை. விலங்கும் அடியும் தராத கண்ணீரை வீட்டு மணம் தந்துவிட்டது.

இன்னொரு கவலையும் இருந்தது. பத்தாண்டு உழைப்பான புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கைப்பிரதி. முதலில் அம்மையார் அதை வீட்டுக்கடியில் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் உளுத்துப்போகுமே என்று பயந்து, பஞ்சுக்குள் வைத்துத் தலையணையாகத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். திருடனுக்கும் வேண்டாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை! அதன்மீது தலைவைத்துத்தான் ஜட்சன் உறங்கினார். பின்னர் கைதிகளை வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றபோது காவலர் அதை வீசி எறிந்தனர். மௌங் இங் என்ற விசுவாசி, தம் ஆசிரியரின் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது.

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். மே மாதக் கொடும் வெயிலில் கைதிகள் வெறுங்காலோடு ஆங்பின்லே என்ற ஊருக்கு நடத்திச் செல்லப்பட்டனர். மூன்று மாதப் பச்சைக் குழந்தையோடு, தாம் வளர்த்த இரண்டு பர்மியச் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு, படகிலும் மாட்டு வண்டியிலும் பின்தொடர்ந்தார் அம்மையார். அங்கே கடும் நோயில் விழுந்தார். பால் வற்றிப்போயிற்று. குழந்தையின் அழுகையைப் பொறுக்காத ஜட்சன் காவலரிடம் மன்றாடி அனுமதி பெற்று, விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கைக்குழந்தையுடைய பர்மியத் தாய்மாரிடம், என் பிள்ளைக்கும் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் பெயர் தெரியாத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு வங்காளிச் சமையல்காரர் இருந்தார். அம்மையார் படுத்த படுக்கையான காலத்தில், சம்பளம் கேளாமல், சாதி ஆசாரத்தையும் மறந்து, விறகு சுமந்து, தண்ணீர் தூக்கி, சமைத்து, சிறைக்கும் வீட்டுக்குமாக நடந்து, அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவரே. அம்மையாரே ஒரு நீண்ட கடிதத்தில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். கடவுள் காத்தார் என்று நாம் சொல்லும்போது, அந்தக் காவல் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவருடைய கைகால்களாகத்தான் வருகிறது.

ஏறத்தாழ 17 மாதச் சிறைக்குப் பின், சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் ஜட்சன் வெளியே வந்தார். 1826 பிப்ரவரியில் யண்டபோ உடன்படிக்கை. போர் முடிந்தது.

ரப்பர் மரங்களின் நடுவே

இனி ரங்கூனிலிருந்து தெற்கே ரயில் ஏறுவோம். ஒரு பகல் முழுதும் வயல்வெளி. சித்தாங் நதியையும், பிறகு சால்வீன் நதியையும் தாண்டினால் மோல்மீன். குன்றின் மேல் வரிசையாகப் பகோடாக்கள், கீழே நதி. செட்டியார்கள் கடை வைத்திருந்த ஊர். அங்கே எனக்கு வழிகாட்டியாக வந்தவர் தமிழ்ப் பெரியவர் ஒருவர். பர்மியர் போல லுங்கி, நெற்றியில் திருநீறு.

"தம்பி மலாயாவா? அப்போ சயாம் ரயிலைத் தேடித்தான் வந்திருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

நான் தேடிப் போனவர் என் தாத்தா. 1943-இல், பேராக்கில் எங்கள் தோட்டத்திலிருந்து ஜப்பானியர் அவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார் என்றார்களாம். திரும்பவில்லை. எங்கே, எப்போது என்று இன்றுவரை தெரியாது. பாட்டி, கேட்பவர்களிடமெல்லாம், "ஆண்டவன் பார்த்துக்குவான்" என்பாள். தீபாவளிக்கு முதல் சோற்றை அவருடைய மங்குத் தட்டில்தான் வைப்பாள்.

மோல்மீனிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டர். முடோன் ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள்! வரிசை வரிசையாக, நம் ஊர்த் தோட்டம் போலவே. எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது. தாத்தாவும் கடைசியாக இந்த மரங்களைப் பார்த்திருப்பாரோ?

சயாமிலிருந்து வந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை முடியும் ஊர் தன்பியூஜயாத். பெயரைக் கவனித்தீர்களா? 'தகர ஜயாத்' என்று பொருள். யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிவைத்த தகரக் கூரைச் சாவடிதான் ஊருக்கே பெயராயிற்று. இளைப்பாறும் இடத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் எத்தனை ஆயிரம் பேருக்கு இளைப்பாறலே இல்லாமல் போயிற்று!

அங்கே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றிருக்கிறது. காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் 3,149. டச்சுக்காரர்களின் கல்லறைகள் 621. ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போன்ற வரிசையில். அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ பல பத்தாயிரம் பேர், அவர்களில் நம் தோட்டத் தமிழர் ஏராளம். அந்த வரிசைகளில் அவர்களுக்கென்று ஒரு கல்லும் இல்லை. தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது? புல்லின் மேல் நின்றுகொண்டு, பாட்டியின் வார்த்தையை முதல்முறையாகக் கோபத்தோடு நினைத்தேன். பார்த்துக்கொண்டானா ஆண்டவன்?

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "வாங்க தம்பி, பக்கத்துல கடற்கரை இருக்கு. அங்கே ஒரு அம்மா சமாதி இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போவோம்" என்றார்.

கறுப்பு முத்திரை

அந்த ஊர் இன்று சைக்காமி. கடலுக்குள்ளேயே கட்டிய ஒரு பகோடா அங்கே பிரசித்தம். அலை ஏறினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். 1826-இல் ஆங்கிலேயர் தங்கள் புதிய பிரதேசத்துக்குத் தலைநகராக இதைத் தேர்ந்து, ஆம்ஹர்ஸ்ட் என்று பெயரிட்டார்கள். போர் ஓய்ந்ததும் ஜட்சன் குடும்பம் இங்கேதான் வந்தது. காடு வெட்டிய புது ஊர். இனியாவது நிம்மதி என்று எண்ணியிருப்பார்கள்.

அப்போது ஜான் கிராஃபர்டு ஆவா அரசரிடம் தூது போகப் புறப்பட்டார். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இவர் தெரிந்தவர்தான். 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக இருந்து, 1824-இல் சுல்தானோடும் தெமெங்கோங்கோடும் உடன்படிக்கை செய்தவர். மொழிபெயர்ப்பாளராக வரும்படி ஜட்சனை அழைத்தார். உடன்படிக்கையில் மதச் சுதந்திரத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம் என்ற ஆசையில் ஜட்சன் போனார். அந்த வரி கடைசிவரை சேரவில்லை.

நவம்பர் மாதம் ஆவாவில் அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. கறுப்பு முத்திரை. குழந்தை இறந்துவிட்டதற்கு வருந்துவதாகக் கொடுத்தவர் சொன்னார். மரியா நோஞ்சான் குழந்தை, போய்விட்டாள் போலும் என்று தனியே போய்ப் பிரித்தார். மகள் அல்ல, மனைவி. அக்டோபர் 24-ஆம் தேதி, கணவர் அருகில் இல்லாமல், ஆன் அம்மையார் காய்ச்சலில் இறந்திருந்தார். வயது 36. அடுத்த ஏப்ரலில் மரியாவும் போனாள். இரண்டு வயது மூன்று மாதம். ஹோப்பியா என்னும் ஒரு மரத்தடியில் தாயையும் மகளையும் அடுத்தடுத்து அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கடற்காற்றில் நிற்கும்போது என் கேள்விதான் திரும்பவும் வந்தது. சிறையிலும் நோயிலும் போரிலும் தப்பியவர், எல்லாம் முடிந்தபின் இப்படிப் போவானேன்? இத்தனை நம்பியவர்களை ஆண்டவன் பார்த்துக்கொண்டானா?

நேயர்களே, இதே கேள்வியை ஜட்சனும் கேட்டார் என்பதைப் பிற்பாடு படித்தபோது வியந்துபோனேன். பக்திக் கதைகள் சில சமயம் இந்தப் பகுதியைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. மனைவி, மகள், ஊரில் தந்தை, பிறகு தம்பி என்று சாவுக்கு மேல் சாவு. மோல்மீனுக்கு இடம் பெயர்ந்த ஜட்சன் மனிதர்களை விட்டு ஒதுங்கினார். காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தமக்கென்று ஒரு குழி வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவைத் தியானித்தார். மனைவியின் மூன்றாம் நினைவு நாளில் எழுதிய கடிதத்தில், கடவுளை நம்புவதாகவும், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆயிரம் பேருக்குக் கடவுளைப் போதித்த பாதிரியார் எழுதிய வார்த்தை அது!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழியின் ஓரத்திலிருந்து அவர் எழுந்து வந்தார். மேசைக்குப் போனார். நேற்று விட்ட இடத்திலிருந்து அடுத்த வசனத்தை மொழிபெயர்த்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. 1834 ஜனவரி 31-ஆம் தேதி பர்மிய வேதாகமத்தின் கடைசித் தாள் முடிந்தது. தலையணைக்குள் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியும் அதில் சேர்ந்தது. திருத்தி அமைக்க இன்னும் ஆறு ஆண்டுகள். பர்மியத் திருச்சபைகளில் இன்றும் மிகுதியாக வாசிக்கப்படுவது அந்த மொழிபெயர்ப்புதான்.

திரும்பி வந்த பிறகு

மிச்சக் கதையும் சுகமான கதை அல்ல. தவோய் ஊரில் கணவரை இழந்தும் கரேன் மக்களிடையே தனியாகத் தொண்டாற்றிக்கொண்டிருந்த சாரா போர்டுமேன் அம்மையாரை 1834-இல் ஜட்சன் மணந்தார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அவரும், 1845-இல் சிகிச்சைக்காக அமெரிக்கா போகும் வழியில் செயிண்ட் ஹெலினா தீவில் கண்மூடினார். அடுத்த ஆண்டு எழுத்தாளரான எமிலி அம்மையாரை மணந்து பர்மா திரும்பினார் ஜட்சன். 1850 ஏப்ரல் 12-ஆம் தேதி, உடல் நலம் தேடிப் போன கப்பலிலேயே இறந்து, வங்காள விரிகுடாவில் அடக்கமானார். மோல்மீனில் இருந்த எமிலிக்கு அந்தச் செய்தி கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. கல்லறையும் இல்லை, நம் தாத்தாக்களைப் போலவே!

1966-இல் பர்மிய அரசு வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேறச் சொன்னது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. பர்மா பௌத்த நாடுதான், ஆனால் 2014 குடிக்கணக்கின்படி அங்கே நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்குக் கிறிஸ்தவர்கள். கரேன், காச்சின், சின் இனத்தவர் அவர்களில் பெரும்பாலோர். 1827-இல் மோல்மீனில் தொடங்கிய சபையை இன்று நடத்துபவர்கள் அந்த நாட்டு மக்களே. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்து அலைகின்றன. 2025 மார்ச் மாத நிலநடுக்கத்தில் பழைய ஆவா பாலமே சரிந்தது. நான் போன அந்தச் சாலையில் இன்று என்ன நிலையோ, அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறாரோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும், தன்பியூஜயாத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணை அம்மாவிடம் கொடுத்தேன். தாத்தாவின் மங்குத் தட்டில் அதை வைத்து விளக்கேற்றினார். கடற்கரைக் கல்லறையின் கதையையும் சொன்னேன். பிறகு வெகுநாளாக என் மனத்தில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, பாட்டி எப்போதும் ஆண்டவன் பார்த்துக்குவான்னு சொல்லுவாளே, ஒரு நாளாவது அதைச் சந்தேகப்பட்டிருக்காளா?"

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "சந்தேகப்படாத ராத்திரியே இல்லைடா. லயத்து வாசல்ல உட்கார்ந்து சாமியை அப்படித் திட்டுவா. ஆனா காலையில நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, என்னை ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் பெரட்டுக்குப் போயிடுவா. ஒரு நாள் தவறினதில்லை" என்றார்.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. நம்பிக்கை என்றால் கேள்வியே எழாத மனம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. இரவெல்லாம் கேள்வி கேட்டுவிட்டு, விடிந்ததும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகிறதே, அதுதான். ஆன் அம்மையார் சிறைக்கு நடந்த இரண்டு மைலும், ஜட்சன் எழுதிய அடுத்த வசனமும், பாட்டி வெட்டிய பால்மரமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

வீட்டிலே மாற்றம் வராத குடும்பம் ஏது? தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்தவர்கள், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், நினைத்த கப்பல் வராமல் கிடைத்த கப்பலில் ஏறியவர்கள் இந்த ஏட்டின் வாசகர்களிலேயே எத்தனை பேர்! நீங்கள் கும்பிடும் தெய்வம் எதுவாகவும் இருக்கட்டும். அடுத்த முறை எஸ்பிளனேடில் உட்காரும்போது வடக்கே அந்தக் கடலை ஒரு நிமிடம் பாருங்கள். அதே கடல்தான் சைக்காமி கரையிலும் போய் மோதுகிறது. அங்கே ஒரு தாயும் மகளும் உறங்குகிறார்கள். அதன் பக்கத்து மண்ணில், பெயர் பொறிக்காத நம்மவர்களும் உறங்குகிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்து ஒரு நிமிடம் கைகூப்புங்கள். பிறகு எழுந்து, பிள்ளைகளுக்குப் பசிக்குமே, வீட்டுக்குப் போய்ச் சோறு போடுங்கள்.